சுருங்கிய கையெழுத்து

நுரைச்சோலையிலிருந்து எங்கள் பத்திரிகைக்கு இருபது ஆண்டுகளுக்கும் மேலாகச் செய்தி அனுப்பியவர் ஒருவர் இருக்கிறார். பெயர் வேண்டாம், நான் அவரை அழைப்பதுபோல் நானா என்றே இங்கும் எழுதுகிறேன். ஒருபுறம் புத்தளம் கடனீரேரி, மறுபுறம் பெருங்கடல், நடுவே மணல். அந்த மணலில் கிணற்று நீரை இறைத்து வெங்காயமும் மிளகாயும் பீற்றூட்டும் விளைவிக்கும் மக்களுள் அவரும் ஒருவர். பகலில் தோட்டம், இரவில் பேனா. கோடிட்ட தாளின் ஒரு பக்கத்தில் மட்டும் எழுதி, கொழும்பு பஸ்ஸின் நடத்துநரிடம் கொடுத்தனுப்புவார். உருண்டையான, பெரிய எழுத்து. அவருடைய தாள் வந்தால் எங்கள் கணினிப் பிரிவுப் பிள்ளைகளுக்கு மகிழ்ச்சி.

2004ஆம் ஆண்டளவில் அந்த எழுத்துச் சுருங்கத் தொடங்கியது. வரியின் தொடக்கத்தில் ஓரளவு பெரிதாக இருக்கும். போகப்போகச் சிறுத்து, வரி முடிவில் எறும்பு ஊர்ந்த தடம்போல் ஆகிவிடும். "என்ன நானா, தாள் விலை ஏறிப்போச்சு எண்டு எழுத்தையும் சுருக்கிட்டீங்களா?" என்று தொலைபேசியில் கேலி செய்தேன். அவரும் சிரித்தார். 2008இல் வலக்கை நடுங்குகிறதென்று கொழும்புக்கு வந்து வைத்தியரைப் பார்த்தபோதுதான், அது பார்க்கின்சன் நோய் என்று தெரிந்தது. எழுத்து இப்படிச் சுருங்குவது அந்நோயின் நன்கறிந்த அடையாளம் என்பதையும், நடுக்கத்துக்குச் சில ஆண்டுகள் முன்னரே அது தோன்றக்கூடும் என்பதையும் நான் அதன் பின்னரே அறிந்தேன். நான்கு ஆண்டுகளாக நோயின் சாட்சியம் என் மேசைமீது வந்து விழுந்துகொண்டிருந்தது. நான் அதற்குத் தலைப்பிட்டு அச்சுக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன்.

ஊரில் சிலர் அனல்மின் நிலையத்தின் புகையைக் குற்றஞ்சாட்டுகிறார்கள். நிலக்கரித் தூசு பற்றி அவ்வூர் விவசாயிகளுக்கு இருக்கும் முறைப்பாடுகள் தனிக்கதை. ஆனால் அந்த நிலையத்தின் முதற்கட்டம் இயங்கத் தொடங்கியது 2011 மார்ச்சில். நானாவின் எழுத்துச் சுருங்கியது அதற்கு ஏழு ஆண்டுகள் முன்னர். பழைய தாள்களைக் கட்டிவைக்கும் பழக்கம் சில வேளை இப்படி உதவுகிறது.

அண்மையில் அவரைப் பார்க்கப் போனேன். பேத்திக்கு ஒரு நல்ல இடத்தில் கலியாணப் பேச்சு. மாப்பிள்ளை வீட்டார் எல்லாவற்றிலும் திருப்தி, ஒன்றைத் தவிர. மூத்தவாப்பாவின் கை ஏன் இப்படி ஆடுகிறது, அது குடும்ப வருத்தமா என்று யாரோ கேட்டிருக்கிறார்கள். நானா மணந்தது சொந்த மாமி மகளை. அதுவும் ஊருக்குத் தெரியும். "தம்பி, இது இரத்தத்துல ஓடுற வருத்தமா? படிச்சுப் பார்த்து எழுதித் தாங்க. நீங்க எழுதினா அவங்க நம்புவாங்க," என்றார். வாழ்நாள் முழுதும் அவர் எழுதித் தந்ததை நான் திருத்தினேன். முதன்முறையாக அவர் என்னிடம் ஒரு கட்டுரை கேட்டார். அதற்காகப் படித்தவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன்.

இந்நோயை முதலில் தெளிவாக எழுதிவைத்தவர் இலண்டனில் ஹொக்ஸ்டன் பகுதியில் மருத்துவம் பார்த்த ஜேம்ஸ் பார்க்கின்சன். 1817இல் வெளியான அவருடைய சிறு நூலில் ஆறு நோயாளர்கள் வருகிறார்கள். அவர்களில் பாதிப்பேரை அவர் தெருவில்தான் கண்டார். நடையைப் பார்த்து, நிறுத்திப் பேசி, குறிப்பெடுத்தார். நிருபர் வேலை என்றே சொல்லலாம். அவர் பெயரை நோய்க்குச் சூட்டியவர் பாரிஸ் நகரின் ஷார்கோ.

பரம்பரை என்ற கேள்விக்கு மருத்துவ உலகம் நெடுங்காலம் 'இல்லை' என்றே விடை சொன்னது. ஒரே கருவிலிருந்து பிறந்த இரட்டையர்களை 1980களில் ஆராய்ந்தவர்கள், ஒருவருக்கு நோய் இருந்தாலும் மற்றவருக்குப் பெரும்பாலும் இல்லை என்று கண்டார்கள். அதே காலத்தில், 1982இல், கலிபோர்னியாவில் போலிப் போதைமருந்தை ஊசியாக ஏற்றிக்கொண்ட சில இளைஞர்கள் சில நாட்களில் கல்லாய் உறைந்துபோனார்கள். வில்லியம் லாங்ஸ்டன் என்ற வைத்தியர் அந்த மருந்தில் கலந்திருந்த நச்சைக் கண்டுபிடித்தார். அது உடலுக்குள் மாறி எடுக்கும் வடிவம், பரகுவாட் என்ற களைகொல்லியின் அமைப்பை ஒத்திருந்தது. ஆகவே சூழலே காரணம் என்ற கட்சி வலுத்தது. நானாவின் தோட்டத்திலும் பரகுவாட் தெளிக்கப்பட்ட காலமொன்று உண்டு. 2008க்கும் 2011க்கும் இடையில் இலங்கை அதைத் தடைசெய்தது, நடுக்கு வாதத்துக்கு அஞ்சியல்ல. கிராமங்களில் அதைக் குடித்துச் செத்தவர்களின் தொகைக்கு அஞ்சி.

பரம்பரைக் கட்சிக்கு முதல் வெற்றியைத் தந்தது ஒரு கிராமம். தென் இத்தாலியில் கொன்டுர்சி என்ற மலையூர். அங்கிருந்து அமெரிக்காவுக்குப் புலம்பெயர்ந்தவர்களையும் சேர்த்துத் தலைமுறை தலைமுறையாக இந்நோய் தொடர்ந்த ஒரு குடும்பத்தின் வம்ச வரலாற்றைப் பிடித்துக்கொண்டு போய், 1997இல் ஒரு மரபணுப் பழுதைக் கண்டார்கள். அந்த மரபணு உண்டாக்கும் புரதத்தின் பெயர் அல்பா சினியூக்கிளின். பார்க்கின்சன் நோயாளரின் மூளைக் கலங்களில் உருண்டை உருண்டையாகச் சேரும் படிவுகளை பிரெடெரிக் லூவி 1912இலேயே விவரித்திருந்தார். அவை இந்தப் புரதத்தால் ஆனவை என்பதும் அதே 1997இல் வெளிப்பட்டது. (கலம் என்று இலங்கை வழக்கில் எழுதுகிறேன், தமிழக அன்பர்கள் உயிரணு என்றோ செல் என்றோ கொள்க. நொதியமும் அப்படியே, அவர்களுக்கு அது நொதி.)

ஆனால் கொன்டுர்சி போன்ற குடும்பங்கள் அரிதிலும் அரிது. சாதாரண நோயாளருக்கு அது விடையாகவில்லை. விடையின் பெரும்பகுதி முற்றிலும் வேறொரு வாசலிலிருந்து வந்தது. அதற்கு நாம் மீண்டும் பாரிஸுக்குப் போக வேண்டும்.

1882இல் பிலிப் கோஷே என்ற மாணவர், மண்ணீரல் வீங்கி இறந்த முப்பத்திரண்டு வயதுப் பெண்ணைப் பற்றித் தமது பட்ட ஆய்வை எழுதினார். மண்ணீரலில் வீங்கிய விசித்திரமான கலங்களைக் கண்டு, ஒருவகைப் புற்று என்று நினைத்தார். நினைப்புத் தவறு, ஆனாலும் நோய்க்கு அவர் பெயர் நிலைத்தது. அந்தக் கலங்கள் எதனால் வீங்கின என்பது தெரிய எண்பது ஆண்டுகள் பிடித்தன. இடையில் கலத்துக்குள் ஒரு புதிய உறுப்பே கண்டுபிடிக்கப்பட வேண்டியிருந்தது.

அந்தக் கண்டுபிடிப்பு ஒரு குளிர்சாதனப் பெட்டியில் நிகழ்ந்தது. பெல்ஜியத்தின் லூவாங் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டியன் டி டூவ், 1949இல், இன்சுலினைப் பற்றி அறிவதற்காக ஈரலை அரைத்து நொதியங்களை அளந்துகொண்டிருந்தார். ஒரு நொதியம் எதிர்பார்த்த அளவுக்கு வேலை செய்யவில்லை. அரைத்ததைக் குளிரில் வைத்துவிட்டு ஐந்து நாள் கழித்து மீண்டும் அளந்தால், நொதியம் முழு வீச்சில் வேலை செய்கிறது! ஏதோ ஒரு பைக்குள் அது அடைபட்டிருந்து, பை சிதைந்ததும் வெளிவந்திருக்க வேண்டும் என்று ஊகித்தார். 1955இல் அந்தப் பைக்கு லைசோசோம் என்று பெயரிட்டார். கலத்தின் இரைப்பை அது. பழுதானதும் பழையதுமான பொருட்களெல்லாம் அங்கே போய்ச் செரிக்கின்றன. ஒவ்வொரு பொருளையும் உடைக்க ஒவ்வொரு நொதியம். 1974இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

கோஷே நோயில் இல்லாமற்போவது அத்தகைய நொதியங்களில் ஒன்று என்பதை அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் றொஸ்கோ பிறேடியும் உடனாய்வாளரும் 1965இல் நிறுவினர். குளுக்கோசெரிப்ரோசிடேஸ் என்ற நீண்ட பெயர் அதற்கு. அதை உண்டாக்கும் மரபணுவை ஜிபிஏ1 என்பர். தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் பழுதான பிரதியே வந்தால் பிள்ளைக்குக் கோஷே நோய். ஒரு பிரதி மட்டும் பழுதானால் அவர் வெறும் சுமப்பவர், நோய் இல்லை என்று பாடநூல்கள் எழுதின. கிழக்கு ஐரோப்பிய யூத வம்சத்தினரிடையே சுமப்பவர்கள் ஏராளம். பதினாறு பேரில் ஒருவர் என்ற அளவில். பிறேடியின் தொடர்முயற்சியால் மனித நச்சுக்கொடியிலிருந்து பிரித்தெடுத்த நொதியம் 1991இல் மருந்தாக அங்கீகரிக்கப்பட்டது. மண்ணீரல் வீக்கம் வற்றியது, எலும்பு வலி குறைந்தது. கதை முடிந்தது என்று எண்ணியிருப்பார்கள்.

முடியவில்லை. கோஷே நோயாளரில் சிலருக்கு நடுத்தர வயதில் கை நடுங்கியது. 1996இல் ஜெரூசலேம் வைத்தியர்கள் அப்படிச் சிலரைப் பற்றி எழுதினார்கள். பார்க்கின்சன் பரவலான நோய், கோஷே அரிய நோய், இரண்டும் ஒருவருக்கே வருவது தற்செயல் என்று கடந்துபோவது எளிது. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் கோஷே நோயாளரைப் பார்த்துவந்த எலன் சிட்ரான்ஸ்கி கடந்துபோகவில்லை. நோயாளரின் குடும்ப வரலாற்றைக் கேட்டு எழுதும்போது பாட்டனுக்கு நடுக்கம், தாய்க்கு நடுக்கம் என்ற பதில் திரும்பத் திரும்ப வந்தது. அந்தப் பாட்டனும் தாயும் கோஷே நோயாளர் அல்லர். ஒற்றைப் பழுதைச் சுமப்பவர்கள். பாடநூலின்படி அவர்களுக்கு ஒன்றும் வரக்கூடாது.

என் தொழிற்கண்ணுக்கு இந்த வரலாற்றில் மிகப் பெரிய தருணம் இதுதான். நுண்ணோக்கியோ கணினியோ அல்ல, வந்தவரிடம் "வீட்டில் வேறு யாருக்காவது?" என்று கேட்டு, விடையைக் குறித்துக்கொண்ட ஒரு தாள். என் மேசையிலும் ஒரு தாள் இருந்தது, நான் கேட்கவில்லை.

சிட்ரான்ஸ்கியின் குழு கேள்வியைத் திருப்பிப் போட்டது. கோஷே நோயாளரிடம் நடுக்கத்தைத் தேடுவதை விட்டு, நடுக்கு வாதத்தால் இறந்தவர்களின் மூளையில் கோஷே மரபணுவைத் தேடினார்கள். 2004இல் வெளியான முடிவு: ஐம்பத்தேழு மூளை மாதிரிகளில் பன்னிரண்டில் ஜிபிஏ1 பழுது. அதே ஆண்டு இறுதியில் இஸ்ரேலிய ஆய்வாளர்கள், கிழக்கு ஐரோப்பிய யூத வம்சத்தைச் சேர்ந்த தொண்ணூற்றொன்பது பார்க்கின்சன் நோயாளரைச் சோதித்தபோது முப்பத்தொருவரிடம் பழுதைக் கண்டார்கள். நம்பாதவர்கள் இன்னும் இருந்தார்கள். எனவே நான்கு கண்டங்களின் பதினாறு மையங்கள் தரவுகளை ஒன்றாகக் கொட்டி, 5,691 நோயாளரை 4,898 பிறருடன் ஒப்பிட்டன. 2009இல் முடிவு வந்தது: இந்தப் பழுது நோயாளரிடம் காணப்படும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஐந்து மடங்குக்கும் மேல். பார்க்கின்சன் நோய்க்கு மரபணுக்களில் மிகப் பரவலான ஆபத்துக் காரணி இதுவே என்று இன்று எவரும் ஒப்புக்கொள்வர். வம்சத்துக்கு வம்சம் வேறுபட்டாலும், நோயாளர் நூறு பேரில் ஐந்து முதல் பதினைந்து பேர்வரை இதைச் சுமக்கிறார்கள். 2024க்கான பிரேக்துரூ பரிசு சிட்ரான்ஸ்கிக்கும் வேறிருவருக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது.

இரைப்பையின் ஒரு நொதியம் குறைந்தால் மூளை ஏன் வாட வேண்டும்? ஜோசப் மட்சுல்லி, டிமித்ரி கிரைன்க் ஆகியோரின் குழு 2011இல் தந்த விளக்கம் எனக்குப் பிடித்தது. நொதியம் குறைந்தால் லைசோசோமில் கொழுப்புத் தேங்குகிறது; தேங்கிய கொழுப்பு அல்பா சினியூக்கிளினைத் திரளச் செய்கிறது. திரண்ட சினியூக்கிளின், புதிதாக உண்டாகும் நொதியம் லைசோசோமுக்குப் போகும் வழியையே அடைக்கிறது. அதனால் நொதியம் மேலும் குறைகிறது. வாய்க்காலில் சருகு தேங்க, சருகை வாரப் போனவன் வழியையும் வெள்ளம் அடைத்த கதை. இந்தச் சுழல் நல்ல மரபணு உடையவர்களிடமும் ஓரளவு நிகழக்கூடும் என்பது அவர்கள் கருத்து. 2017இல் ஹூஸ்டன் நகர ஆய்வாளர்களும் பிறரும் லைசோசோம் தேக்க நோய்களுக்குரிய ஐம்பத்துநான்கு மரபணுக்களைச் சேர்த்துப் பார்த்தபோது, பார்க்கின்சன் நோயாளரில் பாதிக்கு மேற்பட்டோர் அவற்றில் ஏதாவதொன்றில் பழுதைச் சுமந்தனர். ஒரு நொதியத்தின் கதையாகத் தொடங்கியது, கலத்தின் குப்பையகற்றும் துறை முழுவதன் கதையாகிவிட்டது.

நானாவின் கிணற்றடி வேலியில் ஆடாதோடை நிற்கிறது. இருமல் வந்தால் அதன் இலையை அவித்துக் குடிப்பது நம் வீடுகளில் வழக்கம். நீலகிரி உதகமண்டலத்தில் சென்னை அரசாங்கத்தின் கொயினா இரசாயனராக இருந்த டேவிட் ஹூப்பர், 1888இல் அந்த இலையிலிருந்து ஒரு காரப்பொருளைப் பிரித்து, வாசிசின் என்று பெயரிட்டார். செடியின் வடமொழிப் பெயர் வாசகம். வாசிசினை முன்மாதிரியாகக் கொண்டு ஜேர்மன் இரசாயனர்கள் 1960களில் புரோம்ஹெக்சின் என்ற சளி மருந்தைச் செய்தார்கள். அது உடலில் மாறும் வடிவம் அம்புரொக்சோல். எந்த மருந்துக்கடையிலும் கிடைக்கும் இருமல் பாணியில் இருப்பது. 2009இல் டொரன்டோவின் குழந்தைகள் மருத்துவமனையில், ஆயிரத்துக்கும் மேற்பட்ட பழைய மருந்துகளை ஒவ்வொன்றாகக் கோஷே நொதியத்தோடு சேர்த்துப் பார்த்தபோது, வளைந்து பழுதாகும் நொதியத்தைத் தாங்கிப் பிடித்து உரிய இடத்துக்கு அனுப்புவது இந்த அம்புரொக்சோல் என்று கண்டார்கள்! இலண்டனில் அன்ரனி ஷாபிராவின் குழு பதினேழு பார்க்கின்சன் நோயாளருக்கு அதைக் கொடுத்து, மருந்து மூளையைச் சென்றடைகிறது, தாங்கிக்கொள்ள முடிகிறது என்று 2020இல் எழுதியது. முந்நூற்று முப்பது பேரைச் சேர்க்கும் பெரிய பரிசோதனை 2025இல் பிரித்தானியாவில் தொடங்கியது.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. முதுமொழியைக் கேட்டதும் முழுப்பானையையும் அவிக்கும் மக்கள் நாம். ஆடாதோடை இலையில் அம்புரொக்சோல் இல்லை. பரிசோதனையில் கொடுத்ததோ இருமலுக்குக் கொடுப்பதைவிடப் பத்து மடங்குக்கும் அதிகம். மருந்து நோயைத் தடுக்கிறதா என்பது நிறுவப்படவும் இல்லை. இதே நொதியத்தின் பாதையை வேறு வழியில் சரிசெய்ய முயன்ற வெங்லுஸ்டாட் என்ற மருந்து, இருநூறுக்கும் மேற்பட்ட நோயாளரிடம் பரிசோதிக்கப்பட்டு, 2021இல் தோற்றது.

நானா இப்போது விழுங்கும் மாத்திரைக்கும் நம் மண்ணோடு தொடர்பு உண்டு. லெவோடோப்பா என்ற அப்பொருளை, பூனைக்காலி விதையிலிருந்து 1937இல் பிரித்தெடுத்தவர்கள் சென்னைப் பல்கலைக்கழக உயிர் இரசாயன ஆய்வுகூடத்தைச் சேர்ந்த தாமோதரனும் இராமசுவாமியும். மூளையில் அதற்கு ஒரு வேலை இருக்கிறது என்பது அன்று உலகில் எவருக்கும் தெரியாது. ஜோர்ஜ் கொட்சியாஸ் அதைப் பெருமளவில் கொடுத்து நோயாளரை நடக்கவைத்தது 1967இல். உதகையிலும் சேப்பாக்கத்திலும் முன்கூட்டியே இரு படிகளை வெட்டிவைத்தவர்கள், மேலே மாடி இருப்பதை அறியாமலே போய்விட்டார்கள்.

நம்மவரின் மரபணுக்கள் இந்த ஆராய்ச்சிகளில் மிகக் குறைவாகவே எண்ணப்பட்டிருக்கின்றன. எண்ணினால் என்ன தெரியும் என்பதற்கு ஆபிரிக்கா உதாரணம். 2023இல் நைஜீரிய, பிரித்தானிய, அமெரிக்க ஆய்வாளர்கள் ஆபிரிக்க வம்சத்தினரைத் தனியாகப் பார்த்தபோது, அதே ஜிபிஏ1 மரபணுவில், ஐரோப்பியரிடம் காணப்படாத புதிய மாற்றம் ஒன்றைக் கண்டார்கள். யூதரின் பட்டியலையும் ஐரோப்பியரின் பட்டியலையும் கையில் வைத்துக்கொண்டு தேடியிருந்தால் அது கடைசிவரை அகப்பட்டிராது. இந்தியாவில் இளவயதில் நோய்ப்பட்டவர்கள் அறுநூற்றுக்கும் மேற்பட்டோரைப் பல நகர வைத்தியர்கள் சேர்ந்து ஆராய்ந்திருக்கிறார்கள். நம் தீவிலும், குறிப்பாக மாமன் மகள், மாமி மகன் என்று மணந்துகொள்ளும் ஊர்களில், யாராவது வீடுவீடாகச் சென்று அந்தப் பழைய கேள்வியைக் கேட்க வேண்டும்.

இனி நானாவின் கட்டுரை. அவருடைய மரபணு சோதிக்கப்படவில்லை. ஆகவே அவர் நோய்க்கு இந்த நொதியமே காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. சொந்தத்தில் மணந்த பெற்றோரின் பிள்ளைகளுக்கு அதிகமாக வரும் பார்க்கின்சன் வகை ஒன்று உண்டு. ஜப்பானியர் 1998இல் கண்டுபிடித்த பார்கின் மரபணுவால் வருவது. அது பெரும்பாலும் நாற்பது வயதுக்கு முன்னரே தொடங்கும். நானாவுக்கோ ஐம்பத்தேழு. நானா மாமி மகளை மணந்தது அவருடைய சொந்த நோய்க்குக் காரணமாகவும் முடியாது. அதற்கு அவருடைய வாப்பாவும் உம்மாவும் அல்லவா உறவாக இருந்திருக்க வேண்டும்? அவர்கள் இருவரும் வெவ்வேறு ஊர். ஒருவேளை ஜிபிஏ1 பழுதே இருந்தாலும், பேத்திக்கு அது இறங்கியிருக்க நாலில் ஒரு வாய்ப்பு. இறங்கியிருந்தாலும் சுமப்பவர்களில் பெரும்பான்மையோர் நடுக்கமே இல்லாமல் வாழ்ந்து முடிக்கிறார்கள். மாப்பிள்ளை வேறு வம்சம் என்பதால் பிள்ளைகளுக்குக் கோஷே நோய் என்ற அச்சமும் மிகச் சிறிது.

இதை ஒரே பக்கத்தில், பெரிய எழுத்தில், என் கையாலேயே எழுதிக் கொடுத்தேன். நானா அதை உடனே மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பவில்லை. பழைய நிருபர் அல்லவா. செய்தியை உறுதிப்படுத்தாமல் விடமாட்டார். தம்மைப் பார்க்கும் வைத்தியரிடம் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறார். அவர் முழுவதையும் படித்துவிட்டு ஒரேயொரு இடத்தில் பேனாவை வைத்தாராம். பேத்திக்கு "வராது" என்று நான் எழுதியிருந்ததன் முன்னால், "பெரும்பாலும்" என்று ஒரு சொல்லைச் சேர்த்துக் கொடுத்திருக்கிறார். அந்தத் திருத்தத்தோடுதான் தாள் போயிருக்கிறது.